டிக் கமாண்ட்: நேம் சர்வரிடம் நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்க முழுமையான வழிகாட்டி

வெப்சைட்டை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்கள் பெரும்பாலும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள்: “டிஎன்எஸ் ப்ரோப்பகேட் ஆகணும் சார், 24லேருந்து 48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க.” டிஎன்எஸ் என்பது வெப்சைட்டின் பெயரை ஐபி முகவரி என்ற எண்ணாக மாற்றித் தரும் அமைப்பு; ப்ரோப்பகேட் என்றால் பரவுவது. கஸ்டமர் கேரில் இருப்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்கிறவர் மனதில் தப்பான ஒரு படம் பதிந்துவிடுகிறது. நீங்கள் மாற்றிய ஐபி முகவரி உலகம் முழுக்க மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருப்பதில்லை. மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே, உங்கள் டொமைனின் (தளத்தின் பெயரின்) விவரத்தை வைத்திருக்கும் நேம் சர்வரில் புதுப் பதில் தயாராகிவிடும். பழைய பதிலை முன்பே வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடும் நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் இன்னும் எத்தனை நொடி என்பது பதிலிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்க ‘டிக்’ என்ற ஒரு கமாண்ட் போதும்.

ஒரு சின்ன ஏற்பாடு. கமாண்டுகளை இங்கே வாயால் சொல்வது போலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கமாண்டு அடிக்கும் திரையில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். டிக் என்பது டி, ஐ, ஜி என்ற மூன்று எழுத்து. கூட்டல் குறி, கழித்தல் குறி, புள்ளி, @ எல்லாம் அப்படியே.

யாரிடம் கேட்கிறோம்?

1983க்கு முன்பு இணையத்தில் இருந்த எல்லா கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ் அந்தக் கோப்பை உடைத்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்கு உரியவர் கையில் கொடுத்தது. இன்றும் அதுதான் ஓடுகிறது.

இதில் இரண்டு வகை சர்வர்கள் உண்டு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் டிக் பாதி பிடிபட்ட மாதிரி. ஒன்று, ஒரு டொமைனுக்கு உரிய நேம் சர்வர். உண்மையான ரெக்கார்டு (பெயருக்கு என்ன பதில் என்ற பதிவு) இருப்பது அங்கேதான். இன்னொன்று ரிசால்வர். உங்கள் ரவுட்டர் காட்டுவது, இணைய இணைப்பு தருபவர் வைத்திருப்பது, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, க்வாட்9 நடத்தும் 9.9.9.9 எல்லாம் இந்த ரகம். ரிசால்வருக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. நமக்காக அலைந்து கேட்டுவந்து, பதிலைக் கொஞ்ச நேரம் கேச்சில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். டிஎன்எஸ் குழப்பங்களில் பெரும்பாலானவை ரிசால்வர் சொன்னதை நேம் சர்வர் சொன்னதாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

இன்ஸ்டால் செய்ய

டிக், ஐஎஸ்சி அமைப்பின் பைண்ட் மென்பொருளோடு வருவது. உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள்

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ்

என்று அடிக்கலாம். பழைய பதிப்புகளில் பேக்கேஜின் பெயர் வெறும் டிஎன்எஸ்யூட்டில்ஸ். ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் பைண்ட்-யூட்டில்ஸ். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் வைத்திருந்தால் அதிலும் டிஎன்எஸ்யூட்டில்ஸ் கிடைக்கும். வெளியூரில் மாட்டிக்கொண்டால் உதவும். மேக்கில் தனியாக எதுவும் போட வேண்டாம், ஆனால் அதில் இருப்பது 9.10 வரிசையைச் சேர்ந்த பழைய டிக். விண்டோஸில் டிக் கிடையாது. அங்கே டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு போட்டுக்கொள்வதுதான் நிம்மதி. விண்டோஸோடு வரும் என்எஸ்லுக்கப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அவசரத்துக்கு ஆகும். ஆனால் அது சாதாரணமாகக் காட்டாமல் விடும் விஷயங்கள்தான் நமக்கு வேண்டியவை.

எந்தப் பதிப்பு என்று பார்க்க: டிக் -வி

முதல் கேள்வி

தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம். அதன் முகவரியில் முதலில் வருவது டி, ஏ என்ற இரண்டு எழுத்து, அதாவது ‘தமிழ்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் இரண்டு எழுத்து.

டிக் டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்

திரையில் பத்திருபது வரிகள் கொட்டும். நமக்கு வேண்டியவை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

;; ->>ஹெட்டர்<<- ஆப்கோடு: க்வெரி, ஸ்டேட்டஸ்: நோஎரர், ஐடி: 40213
;; ஃப்ளாக்ஸ்: க்யூஆர் ஆர்டி ஆர்ஏ; க்வெரி: 1, ஆன்சர்: 2, அத்தாரிட்டி: 0, அடிஷனல்: 1

;; ஆன்சர் செக்‌ஷன்:
டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்.   71342   ஐஎன்   சிநேம்   டைனா.விக்கிமீடியா.ஆர்க்.
டைனா.விக்கிமீடியா.ஆர்க்.   112   ஐஎன்   ஏ   103.102.166.224

;; க்வெரி டைம்: 18 எம்செக்
;; சர்வர்: 127.0.0.53#53

எல்லோருடைய கண்ணும் நேராக ஐபி முகவரிக்குப் போகும். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்டேட்டஸ். நோஎரர் என்றால் கேள்வி போய்ச் சேர்ந்து ஒழுங்கான பதில் வந்திருக்கிறது. மற்ற ஸ்டேட்டஸ்களுக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது ஃப்ளாக்ஸ். க்யூஆர் என்றால் இது பதில். ஆர்டி என்றால், ‘உனக்குத் தெரியாவிட்டால் போய்க் கேட்டு வா’ என்று நாம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஆர்ஏ என்றால் அப்படிப் போய்க் கேட்டு வரும் வசதி அந்த சர்வருக்கு உண்டு. இங்கே ஏஏ என்ற ஃப்ளாக் இல்லாததைக் கவனியுங்கள். இருந்திருந்தால், பதில் உரிய நேம் சர்வரிடமிருந்தே நேரடியாக வந்தது என்று அர்த்தம். அது இல்லாததால் ஒரு ரிசால்வர் தன் கேச்சிலிருந்தோ கேட்டு வந்தோ சொல்லியிருக்கிறது. ‘அடிஷனல்: 1’ என்று போட்டுவிட்டு கீழே அப்படி ஒன்றும் காணோமே என்று தேட வேண்டாம். அது இடிஎன்எஸ் என்ற நீட்டிப்புக்கான போலி ரெக்கார்டு. டிக் அதை ‘ஆப்ட் சூடோசெக்‌ஷன்’ என்று தனியாகக் காட்டும்.

ஆன்சர் பகுதியில் பெயருக்கு அடுத்த எண்தான் டிடிஎல். இந்தப் பதிலை இன்னும் எத்தனை நொடி கேச்சில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு. தமிழ் விக்கிப்பீடியாவுக்கென்று நேரடி முகவரி இல்லை. சிநேம் வழியாக டைனா என்ற இன்னொரு பெயரைக் காட்டுகிறது. அந்தப் பெயருக்குத்தான் ஐபி. நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து எந்த ஐபி என்பது மாறும். மேலே இருப்பது சிங்கப்பூரில் விக்கிமீடியா வைத்திருக்கும் டேட்டா சென்டருக்கு உரியது. முதல் பெயரின் டிடிஎல் மணிக்கணக்கில் இருக்க, இரண்டாவதன் டிடிஎல் மட்டும் சில நிமிடங்களாக இருப்பது காரணத்தோடுதான். ஒரு டேட்டா சென்டரில் கோளாறு என்றால் ஆட்களைச் சட்டென்று இன்னொன்றுக்குத் திருப்பிவிட வேண்டுமே.

கடைசி வரியில் யார் பதில் சொன்னார்கள் என்று இருக்கிறது. 127.0.0.53 என்பது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு. அது வெளியே யாரைக் கேட்கிறது என்பது இங்கே தெரியாது. ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால் தெரியும்.

பதில் மட்டும் போதும் என்றால்:

டிக் +ஷார்ட் டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெயரே இல்லை என்றாலும், சர்வரில் கோளாறு என்றாலும், ரெக்கார்டு இல்லை என்றாலும் +ஷார்ட் ஒரே மாதிரி வெறுமையைக் காட்டும். கோளாறு தேடும்போது இதை நம்பாதீர்கள். ஆன்சர் பகுதி மட்டும் டிடிஎல்லோடு வேண்டும் என்பவர்களுக்கு ‘+நோஆல் +ஆன்சர்’ நல்லது.

என்ன கேட்கிறோம்?

எதுவும் சொல்லாவிட்டால் டிக் ஏ ரெக்கார்டைக் கேட்கும், அதாவது ஐபிவி4 முகவரியை. வேறு வேண்டுமானால் வகையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிக் எக்ஸாம்பிள்.காம் எம்எக்ஸ்

எம்எக்ஸ் என்பது அந்த டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர். ஐபிவி6க்கு நான்கு ஏ. நேம் சர்வர்களுக்கு என்எஸ். டொமைனின் நிர்வாக விவரத்துக்கு எஸ்ஓஏ. எழுத்து வடிவக் குறிப்புகளுக்கு டிஎக்ஸ்டி (டெக்ஸ்ட் என்பதன் சுருக்கம்). எந்தச் சான்றிதழ் நிறுவனம் இந்தப் பெயருக்கு எஸ்எஸ்எல் தரலாம் என்பதற்கு சிஏஏ. ஐபியைக் கொடுத்துப் பெயரைக் கேட்க -எக்ஸ்:

டிக் -எக்ஸ் 103.102.166.224

ஐபியின் நான்கு எண்களையும் தலைகீழாகத் திருப்பி, பின்னால் ‘இன்-ஏடிடிஆர்.ஆர்பா’ சேர்த்து பிடிஆர் ரெக்கார்டைத் தேடும் வேலையை டிக்கே பார்த்துக்கொள்ளும்.

‘எனி’ என்று போட்டால் எல்லாம் வரும் என்று பல பழைய பாடங்களில் பார்க்கலாம். இப்போது அதைச் சார்ந்திருக்க முடியாது. தாக்குதலுக்குப் பயன்படுகிறது என்பதால் அந்தக் கேள்விக்குச் சுருக்கமாக ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று 2019இல் வந்த ஆர்எஃப்சி 8482 அனுமதி தந்துவிட்டது. வகை வகையாகக் கேட்பதே சரி.

@ போட்டால்தான் டிக்

இனி முக்கியமான இடம். @ போட்டு ஒரு சர்வரைச் சொன்னால் டிக் அந்த சர்வரை மட்டும் கேட்கும். டொமைனின் நேம் சர்வர்கள் யார் என்று முதலில் பிடிப்போம்:

டிக் +ஷார்ட் என்எஸ் விக்கிப்பீடியா.ஆர்க்

என்எஸ்0, என்எஸ்1, என்எஸ்2 என்று விக்கிமீடியாவின் சர்வர்கள் வரும். அவற்றில் ஒன்றை நேராகக் கேளுங்கள்:

டிக் @என்எஸ்0.விக்கிமீடியா.ஆர்க் டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்

இப்போது ஃப்ளாக்ஸ் வரியில் ஏஏ வந்துவிடும். ஆர்ஏ போய்விடும். ‘ரிகர்ஷன் கேட்டீர்கள், இங்கே கிடையாது’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையும் வரும். பயப்பட வேண்டாம், நேம் சர்வர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அது தன் டொமைன்களுக்கு மட்டும் பதில் சொல்லும். எச்சரிக்கை கண்ணை உறுத்தினால் +நோரிகர்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎல்லைப் பாருங்கள். நேம் சர்வரை எத்தனை முறை கேட்டாலும் முழு எண்ணே வரும், அதாவது டொமைன்காரர் எழுதி வைத்த எண். அடுத்து அதே கேள்வியை 1.1.1.1 இடம் கேளுங்கள். பத்து நொடி விட்டு மறுபடி கேளுங்கள். எண் பத்து குறைந்திருக்கும். அது பூஜ்யத்தைத் தொடும் நொடியில் அந்த ரிசால்வர் பழைய பதிலை மறந்துவிடும். அடுத்து யார் கேட்டாலும் புதிதாகப் போய் வாங்கிவரும். 8.8.8.8 இடம் கேட்கும்போது எண் குறைந்து, ஏறி, மறுபடி குறைந்து ஒழுங்கில்லாமல் இருக்கலாம். ஒரே முகவரிக்குப் பின்னால் பல கணினிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேச். பழையதும் புதியதும் மாறி மாறி வருகிறதே என்று ஹோஸ்டிங் மாற்றியவர்கள் குழம்புவது இதனால்தான்.

ஆக, எந்தச் சிக்கல் வந்தாலும் ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். நேம் சர்வர் புதுசையும் ரிசால்வர் பழசையும் சொன்னால், டிடிஎல்லைப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நேம் சர்வரே பழசைச் சொன்னால் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. கண்ட்ரோல் பேனலில் சேவ் ஆகவில்லை, அல்லது நீங்கள் மாற்றிய இடமும் உலகம் பார்க்கும் நேம் சர்வரும் வேறு வேறு. இரண்டாவது அடிக்கடி நடக்கும். டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு டிஎன்எஸ் பக்கம், ஹோஸ்டிங்கில் ஒரு டிஎன்எஸ் பக்கம், நடுவில் சிடிஎன்னில் (தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவையில்) ஒன்று என மூன்றிருந்தால் நிஜமாக வேலை செய்வது ஒன்றுதான். என்எஸ் ரெக்கார்டு எதைக் காட்டுகிறதோ அது.

ஹோஸ்டிங் மாற்றும்போது

மாற்றப் போகும் நாளுக்கு முன்பே நேம் சர்வரைக் கேட்டு ஏ ரெக்கார்டின் டிடிஎல்லைப் பாருங்கள். 86400 என்றால் ஒரு நாள். அதை 300ஆகக் குறைத்துச் சேவ் செய்யுங்கள். ஐபியை இப்போது தொடாதீர்கள். பழைய டிடிஎல்லோடு பதில் வாங்கிப்போனவர்கள் கேச்சிலிருந்து அது ஒழிய ஒரு நாள் முழுசாகக் கழிய வேண்டும். அதன் பிறகு ஐபியை மாற்றினால், பழைய இடத்துக்கு ஆள் வருவது ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். மாற்றிய உடனே குறைப்பதால் ஒரு பயனும் இல்லை. பழைய எண் ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்விட்டதே.

மாற்றியபின் எல்லா நேம் சர்வர்களும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்க்க டிக்கில் அழகான ஒரு வசதி உண்டு:

டிக் +என்எஸ்செர்ச் எக்ஸாம்பிள்.காம்

ஒவ்வொரு நேம் சர்வரையும் தனித்தனியாகக் கேட்டு அதன் எஸ்ஓஏவை ஒரு வரியில் காட்டும். அதில் இரண்டு பெயர்களுக்கு அடுத்து வரும் எண் சீரியல். டொமைனின் விவரம் மாறும்போதெல்லாம் இந்த எண் அதிகரிக்க வேண்டும். ஒரு சர்வரில் மட்டும் சீரியல் பின்தங்கியிருந்தால் அது புது விவரத்தை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. சிலருக்குத் தளம் திறக்கும், சிலருக்குத் திறக்காது என்ற புகார் வந்தால் முதலில் இதை ஓட்டிப் பாருங்கள். பெரிய சேவைகள் சில சீரியலை வேறு மாதிரி கையாளும் என்பதால், எண் ஒத்துப்போகவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஐபியை மாற்றாமல் நேம் சர்வர்களையே மாற்றினால் கதை வேறு. ‘இந்த டொமைனுக்கு இவர்கள்தான் நேம் சர்வர்’ என்ற தகவல் மேலே .காம் சர்வர்களில் இருக்கிறது. அதையும் நேராகக் கேட்கலாம்:

டிக் +நோரிகர்ஸ் என்எஸ் எக்ஸாம்பிள்.காம் @ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட்

பதில் ஆன்சரில் வராது, அத்தாரிட்டி பகுதியில் வரும். ஏஏவும் இருக்காது. ‘எனக்குத் தெரியாது, இவர்களைப் போய்க் கேள்’ என்று கைகாட்டும் பதில் அது. டிடிஎல்லைப் பாருங்கள், 172800. வகுத்தால் சரியாக 48 மணி நேரம். கஸ்டமர் கேர் சொல்லும் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். நேம் சர்வர் மாற்றத்துக்குப் பொருந்துவதை எல்லா மாற்றத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இந்த மாற்றத்தின்போது மட்டும், பழைய நேம் சர்வரிலும் புது ரெக்கார்டுகளைப் போட்டு இரண்டு நாள் ஓடவிடுவது நல்லது.

இன்னொன்று. புது சப்டொமைன் உருவாக்கப் போகிறீர்கள் என்றால், உருவாக்கும் முன்பே ‘வந்துவிட்டதா’ என்று ரிசால்வரைக் கேட்காதீர்கள். ‘இல்லை’ என்ற பதிலையும் ரிசால்வர் கேச் செய்யும். எஸ்ஓஏவின் டிடிஎல், அதன் கடைசி எண் இரண்டில் எது குறைவோ அத்தனை நொடிக்கு ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் @ போட்டு நேம் சர்வரை நேராகக் கேளுங்கள்.

உச்சியிலிருந்து இறங்கிவர

டிக் +ட்ரேஸ் +நோடிஎன்எஸ்செக் டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க்

இது ரிசால்வர் செய்யும் அலைச்சலை நம் கண் முன்னால் செய்து காட்டும். முதலில் டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும், ஏ முதல் எம் வரை பெயருள்ள 13 ரூட் சர்வர்கள். பெயர்தான் 13, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உலகெங்கும் பல கணினிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று .ஆர்க் சர்வர்களைக் காட்டும். அவை விக்கிமீடியாவின் நேம் சர்வர்களைக் காட்டும். கடைசியில் அவை பதிலைச் சொல்லும். எந்தப் படியில் நின்றுபோகிறதோ அங்கேதான் கோளாறு. +நோடிஎன்எஸ்செக் போடாவிட்டால் டிஎன்எஸ்செக்கின் (பதில் உண்மையானதா என்று டிஜிட்டல் கையெழுத்தால் சரிபார்க்கும் முறை) கையெழுத்து ரெக்கார்டுகள் திரையை அடைத்துவிடும்.

முதல் படியான ரூட் பட்டியலையும், வழியில் வரும் சர்வர்களின் ஐபிகளையும் மட்டும் டிக் உங்கள் வழக்கமான ரிசால்வரிடம் வாங்கும். மற்றதெல்லாம் நேரடிக் கேள்வி. டிஎன்எஸ் கேள்விகள் வெளியே போகும் 53ஆம் போர்ட்டை அலுவலக ஃபயர்வால் அடைத்திருந்தால் ட்ரேஸ் இரண்டாம் படியிலேயே நின்றுபோய்விடும். அதை வைத்து டொமைனைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது?

என்எக்ஸ்டொமைன் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை. எழுத்துப் பிழையா, டொமைன் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். நோஎரர் வந்து ‘ஆன்சர்: 0’ என்றிருந்தால் பெயர் உண்டு, நீங்கள் கேட்ட வகை மட்டும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. ரெஃப்யூஸ்டு என்றால் அந்த சர்வர் உங்களுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை. உங்கள் டொமைனின் நேம் சர்வரே இப்படிச் சொன்னால், அந்த டொமைன் அங்கே சேர்க்கப்படவே இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம். ஹோஸ்டிங் கணக்கு முடிந்து, நேம் சர்வரை மாற்றாமல் விட்டவர்களுக்கு இது வரும்.

செர்வ்ஃபெயில்தான் கொஞ்சம் யோசிக்க வைப்பது. ரிசால்வர் முயன்று பார்த்தது, முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது ரிசால்வர்களிடமிருந்து வந்த பதில் இதுதான். பெயர் இருந்தது, ஆனால் அந்த நிறுவனத்தின் நேம் சர்வர்களுக்குப் போகும் பிஜிபி வழிகள் (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பாதைகள்) இணையத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தன. கேட்கப் போன ரிசால்வர்களுக்கு வழியில்லை.

இன்னொரு காரணம் டிஎன்எஸ்செக். கையெழுத்து சரியில்லாத பதிலை ரிசால்வர் நம்மிடம் தராமல் செர்வ்ஃபெயில் என்று சொல்லிவிடும். இதைப் பழகிப் பார்க்க வேண்டுமென்றே கெடுத்து வைத்த டொமைன் ஒன்று இருக்கிறது, காம்காஸ்ட் நடத்துவது.

டிக் @1.1.1.1 டிஎன்எஸ்செக்-ஃபெயில்டு.ஆர்க்
டிக் @1.1.1.1 +சிடி டிஎன்எஸ்செக்-ஃபெயில்டு.ஆர்க்

முதலாவதற்கு செர்வ்ஃபெயில். இரண்டாவதில் +சிடி என்பது ‘சரிபார்க்காமல் கொடு’ என்ற வேண்டுகோள், பதில் வந்துவிடும். உங்கள் டொமைனில் இதே மாதிரி நடந்தால் டிஎன்எஸ்செக் கோளாறு என்று முடிவு கட்டலாம். டிஎன்எஸ்செக் போட்டிருந்த டொமைனின் நேம் சர்வரை மாற்றிவிட்டு, மேலே (.காம் போன்ற சர்வர்களில்) இருக்கும், கையெழுத்துச் சாவியை அடையாளம் காட்டும் டிஎஸ் ரெக்கார்டை அப்படியே விட்டுவிடுவது இதற்கு வழக்கமான காரணம். புதிய டிக்கில் இடிஇ (பிழைக்கான கூடுதல் விளக்கம்) என்று ஒரு வரி வந்து காரணத்தைச் சொன்னாலும் சொல்லும்.

மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா?

எம்எக்ஸ் ரெக்கார்டில் பெயருக்கு முன்னால் வரும் எண் முன்னுரிமை. சிறிய எண்ணுக்குத்தான் முதலிடம். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப், டொமைனின் டிஎக்ஸ்டியில் இருக்கும். அதைக் கேட்கும்போது ‘வி=எஸ்பிஎஃப்1’ என்று தொடங்கும் வரிகளை எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். புது மெயில் சேவை சேர்க்கும்போது பழைய வரியைத் திருத்தாமல் இரண்டாவது வரி போட்டுவிட்டால் எஸ்பிஎஃப் மொத்தமாகச் செல்லாது. அதோடு, ‘இன்க்ளூட்’ போன்றவற்றால் உண்டாகும் டிஎன்எஸ் தேடல்களும் பத்தைத் தாண்டக் கூடாது.

டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) இருக்குமிடம், டொமைனுக்கு முன்னால் அடிக்கோடும் ‘டிமார்க்’ என்ற சொல்லும் சேர்ந்த பெயர்:

டிக் +ஷார்ட் டிஎக்ஸ்டி _டிமார்க்.எக்ஸாம்பிள்.காம்

மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்தான டிகிம்முக்கு, மெயில் சேவை தந்த செலக்டர் பெயர் வேண்டும். அதன் பின்னால் ‘._டொமைன்கீ.’ சேர்த்து டொமைனைப் போட வேண்டும். பதிலில் சாவி இரண்டு மூன்று மேற்கோள் துண்டுகளாக வந்தால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் வெட்டி வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் ஒட்டிக்கொள்வார்.

டிக் ஒன்று சொல்ல, பிரவுசர் வேறு செய்தால்

டிக் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை (பெயருக்கு ஐபியை நாமே எழுதி வைக்கும் கோப்பு) பார்ப்பதே இல்லை. என்றைக்கோ சோதனைக்காக அதில் ஒரு வரி எழுதி மறந்திருந்தால் டிக் சரியாகச் சொல்லும், பிரவுசர் தப்பான இடத்துக்குப் போகும். லினக்ஸில் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ என்று அடித்துப் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் கணினி என்ன நம்புகிறது என்று தெரியும். பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு டிஎன்எஸ்ஸை ஹெச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்கலாம். அதையே டிக்கில் செய்ய, பதிப்பு 9.18 அல்லது அதற்கு மேல் இருந்தால்:

டிக் +ஹெச்டிடிபிஎஸ் @1.1.1.1 எக்ஸாம்பிள்.காம்

சாதாரணமாகக் கேட்கும் கேள்வியை வழியில் யாராவது மடக்கிப் பதில் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று:

டிக் @192.0.2.1 எக்ஸாம்பிள்.காம்

192.0.2 என்று தொடங்குபவை புத்தகங்களில் உதாரணம் காட்ட ஒதுக்கிய முகவரிகள். அங்கே எந்த சர்வரும் கிடையாது. ‘டைம்டு அவுட்’ என்று வர வேண்டும். பதில் வந்துவிட்டால், 53ஆம் போர்ட்டில் போகும் கேள்விகளை உங்கள் ரவுட்டரோ இணைப்பு தருபவரோ இடைமறிக்கிறார். அப்புறம் @8.8.8.8 என்று போட்டு வாங்கிய பதில்களுக்கும் மதிப்பில்லை.

1.1.1.1 இடம் பேசும்போது கிளவுட்ஃப்ளேரின் எந்த ஊர் பதில் சொல்கிறது என்று கேட்கலாம்:

டிக் +ஷார்ட் சிஹெச் டிஎக்ஸ்டி ஐடி.சர்வர் @1.1.1.1

விமான நிலையக் குறி ஒன்று வரும். எம்ஏஏ வந்தால் சென்னை. சென்னையிலேயே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் குறி வருகிறதென்றால், க்வெரி டைம் ஏன் அதிகம் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

தமிழ் டொமைன்கள்

இந்த ஒரு இடத்தில் மட்டும் தமிழிலேயே அடிக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் ரூட்டில் இருக்கும் நிஜமான டொமைன் முடிவுகள்.

டிக் என்எஸ் இலங்கை.

டிஎன்எஸ் வழியாகத் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. ப்யூனிகோடு முறையில் எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் போகும். புதிய டிக் அதைத் தானே மாற்றி, திரையில் மறுபடி தமிழாக்கிக் காட்டும். உள்ளே இருப்பதைப் பார்க்க +நோஐடிஎன்அவுட் சேருங்கள். டொமைன் கண்ட்ரோல் பேனல்களிலும் ஸ்கிரிப்டுகளிலும் பெரும்பாலும் அந்த வடிவம்தான் தேவைப்படும். இந்த வசதி சேர்க்காத டிக்காக இருந்தால், பின்சாய்வுக் கோட்டோடு 224, 174 என்று எண்கள் வரிசையாக வந்து என்எக்ஸ்டொமைன் என்று முடியும். அவை தமிழ் எழுத்தின் யூடிஎஃப்-8 பைட்டுகள். மாற்றாமல் பச்சையாக அனுப்பிவிட்டது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கை வலிக்காமல் இருக்க

எப்போதும் போடும் ஆப்ஷன்களை ஹோம் ஃபோல்டரில் .டிக்ஆர்சி என்ற கோப்பில் எழுதி வைத்தால் டிக் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்ளும். ‘+நோஆல் +ஆன்சர்’ அங்கே போட ஆசை வரும். போடாதீர்கள், ஸ்டேட்டஸ் வரி மறைந்துவிடும். நிறையப் பெயர்களைச் சோதிக்க, வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி ‘டிக் -எஃப்’ என்று கொடுக்கலாம். பதில் வராத சர்வருக்காக டிக் ஐந்து நொடி வீதம் மூன்று முறை முயலும்; ஸ்கிரிப்டில் அது தாமதம் என்றால் ‘+டைம்=2 +ட்ரைஸ்=1’.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது எக்ஸிட் கோடு (வேலை முடிந்ததும் கமாண்ட் திருப்பும் எண்). என்எக்ஸ்டொமைன் வந்தாலும் டிக் 0 தான் திருப்பும், ஏனென்றால் அதன் கணக்கில் பதில் வந்துவிட்டது. பதிலே வராவிட்டால் 9. எனவே டொமைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் எக்ஸிட் கோடை மட்டும் நம்பினால், காலாவதியான டொமைனுக்கும் பச்சை விளக்குதான் எரியும். ஸ்டேட்டஸ் வரியைப் பிடித்துப் பாருங்கள், அல்லது புதிய பதிப்பு என்றால் +யாமல் போட்டு அதிலிருந்து எடுங்கள்.